வீட்டில் வெற்றிலைக் கொடி வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொட்டியிலோ கொல்லைப்புறத்திலோ வெற்றிலைக் கொடி வைத்திருப்பவர்களும், வைத்துப் பார்த்துப் பட்டுப்போனதால் மனம் சலித்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. தமிழ்நாட்டுச் சமவெளியின் வெயிலையும் மழையையும் மனத்தில் வைத்து இவை எழுதப்பட்டுள்ளன. மலைப்பகுதியில் இருப்பவர்கள் தண்ணீர் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வெற்றிலைக்கு நிழல் ஏன் இவ்வளவு முக்கியம்?

வெற்றிலை மிளகு, திப்பிலி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. தென்கிழக்கு ஆசியாவின் ஈரக் காடுகளே இதன் தாயகமாகக் கருதப்படுகின்றன. அங்கே இது பெரிய மரங்களின் அடியில் முளைத்து, தண்டைப் பற்றி ஏறி, இலைகளின் இடுக்கில் கசியும் ஒளியில் வாழும் கொடி. நம் ஊர்க் கொடிக்கால்களில், அதாவது வெற்றிலைத் தோட்டங்களில், உழவர்கள் அந்தக் காட்டைத்தான் வயலுக்குள் உருவாக்குகிறார்கள். முதலில் அகத்தியை நெருக்கமாக விதைத்து, அது ஓரளவு வளர்ந்து நிழல் கட்டிய பிறகே கொடியை நடுவார்கள். மேட்டுப்பாத்திகளுக்கு நடுவே அரை மீட்டர் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டுவார்கள். ஓரங்களில் வாழையை வைத்துக் காற்றைத் தடுப்பார்கள். அகத்தி 4 மீட்டர் உயரத்தை எட்டியதும் அதன் நுனியை ஒடித்துவிடுவார்கள். வடிகட்டிய ஒளி, ஈரமான காற்று, தண்ணீர் தேங்காத மண் ஆகிய இம்மூன்றும் வீட்டிலும் கிடைத்தால் கொடி வளரும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை, கொடிக்காலில் இயல்பாக நடப்பதை ஒரு தொட்டிக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதைப் பற்றியவையே.

கொடியை வீட்டில் எந்த இடத்தில் வைக்கலாம்?

காலை வெயில் ஓரிரு மணி நேரம் சாய்வாக விழுந்து, பிறகு நாள் முழுவதும் நிழலாக இருக்கும் கிழக்குப் பார்த்த பால்கனியோ திண்ணை ஓரமோ மிகவும் ஏற்றது. வடக்குப் பக்கமும் பரவாயில்லை. மேற்கு வெயில் படும் இடத்தில் வைத்தால் இலை சிறுத்து, தடித்து, மஞ்சளித்து, ஓரம் கருகும். மொட்டை மாடிதான் இருக்கிறது என்பவர்கள், பாதி ஒளியை மட்டும் விடும் பச்சை நிழல்வலையைக் கட்டி, தொட்டியைத் தளத்தின் மேல் நேரடியாக வைக்காமல் செங்கல் அல்லது மரப்பலகையின் மேல் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் கான்கிரீட் தளம் ஏறும் சூட்டில் வேர் வெந்துபோகும்.

நிழல் வேண்டும் என்றதும் கூடத்தின் மூலையில், ஜன்னலுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுகிறார்கள். அங்கே கொடி சாகாது. ஆனால் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, இலை மெலிந்து, வெளிச்சம் வரும் பக்கமாகக் கழுத்தை நீட்டிக்கொண்டே போகும். பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடியாத இடத்தில் வெற்றிலையை வைக்க வேண்டாம். குளிரூட்டி ஓடும் அறையும் ஆகாது. அதன் வறண்ட காற்றில் இலை நுனி சுருளும்.

நாற்றங்காலில் வாங்கியது வெற்றிலையா, மணிபிளாண்ட்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தால் போதும். வெற்றிலையின் காரமான மணம் மணிபிளாண்ட்டுக்குக் கிடையாது. வெற்றிலைத் தண்டின் கணு முழங்கால் போலச் சற்றுப் புடைத்திருக்கும். இலைக் காம்பு சேரும் இடத்திலிருந்தோ அதன் அருகிலிருந்தோ ஐந்து முதல் ஏழு நரம்புகள் வளைந்து நுனியை நோக்கி ஓடும். மணிபிளாண்ட்டில் ஒரே நடுநரம்பு தடித்திருக்கும். இலை மெழுகு பூசியதுபோல் இருக்கும். இந்த வேறுபாட்டைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மணிபிளாண்ட் இலையை மென்றால் அதிலுள்ள நுண்ணிய படிகங்கள் வாயையும் தொண்டையையும் அரித்து வீங்கச் செய்யும். இரண்டையும் ஒரே கம்பத்தில் ஏற்றுவது கூடவே கூடாது. மிளகுக் கொடியோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. அதன் இலை இன்னும் தடிமனாகவும் மணம் குறைவாகவும் இருக்கும்.

எந்த ரகத்தைத் தேர்ந்தெடுப்பது?

தமிழ்நாட்டுக் கொடிக்கால்களில் கற்பூரி, வெள்ளைக்கொடி, பச்சைக்கொடி, சிறுகமணி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த சிறுகமணி 1 ஆகியவை அறியப்பட்ட ரகங்கள். புவிசார் குறியீடு பெற்ற ஊர் வெற்றிலைகளும் உள்ளன: தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூர் வெற்றிலையும் மதுரை மாவட்டத்துச் சோழவந்தான் வெற்றிலையும் 2023-இல் பெற்றன, கும்பகோணம் வெற்றிலை 2025-இல் பெற்றது. ஆனால் அந்தச் சுவையில் அவ்வூர் மண்ணுக்கும் தண்ணீருக்கும் பெரும் பங்கு உண்டு என்பதால், ஆத்தூர்க் கொடியைச் சென்னை அடுக்ககத்தில் வைத்துத் தாமிரபரணிக் கரையின் இலையை எதிர்பார்க்க முடியாது. என் பரிந்துரை, அக்கம்பக்கத்து வீட்டில் இரண்டு கோடையைத் தாண்டி நிற்கும் கொடியிலிருந்து ஒரு துண்டு கேட்டு வாங்குவதே. உங்கள் தெருவின் தண்ணீரும் வெயிலும் அதற்கு ஏற்கெனவே பழகியிருக்கும்.

கடையில் வாங்கும் வெற்றிலையின் காம்பைத் தண்ணீரில் வைத்தால் கொடி வருமா?

வராது. காம்பில் சில சமயம் வேர் இறங்கும். ஆனால் புதுத் தளிர் கிளம்ப வேண்டிய மொட்டு கணுவில்தான் இருக்கிறது, காம்பில் இல்லை. வேர்விட்ட அந்த இலை பல வாரங்கள் பச்சையாக நின்று நம்பிக்கை காட்டிவிட்டுப் பிறகு அழுகிப்போகும்.

தண்டை வெட்டி நடுவது எப்படி?

எந்தத் தண்டை வெட்டுகிறோம் என்பதுதான் இங்கே முக்கியம். வெற்றிலையில் இரண்டு வகைத் தண்டுகள் உண்டு. மேல்நோக்கி ஏறும் தலைக்கொடியின் ஒவ்வொரு கணுவிலும் பொடிப்பொடியான வேர்முளைகள் இருக்கும். அவற்றைக் கொண்டுதான் அது மரத்தைப் பற்றுகிறது. பக்கவாட்டில் நீளும் கிளைகளில் பற்றுவேர் இருக்காது. அந்தக் கிளையை நட்டால் வேர்விடுவதே கடினம். விட்டாலும் நன்றாக ஏறாது. ஆகவே தலைக்கொடியின் மேற்பகுதியில், மிக இளசாகவும் இல்லாமல் முற்றியும் போகாத இடத்தில், நான்கைந்து கணு உள்ள துண்டாகக் கூரிய கத்தியால் வெட்ட வேண்டும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்வாக நட்டு, மண்ணை விரலால் இறுக்கிவிட வேண்டும்.

நட்ட தொட்டியை நல்ல நிழலில் வைத்து, ஒளி புகும் பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்த்து, நாளுக்கு ஒருமுறை திறந்து காற்று விட்டால், மூன்று நான்கு வாரங்களில் புதுத் தளிர் தலைகாட்டும். வேர் வந்ததா என்று பார்க்கத் தண்டை இழுத்துப் பார்க்கும் ஆர்வத்தை அடக்கிக்கொள்ளுங்கள். கொடிக்கால்களில் தை, மாசியிலும் ஆனி, ஆடியிலும் நடுவது வழக்கம். வீட்டுக்கும் அந்தப் பருவங்களே பொருந்தும்.

மண்ணும் தொட்டியும் எப்படி இருக்க வேண்டும்?

வேர் ஆழமாகப் போவதில்லை; ஆகவே ஆழத்தைவிட அகலம் பயன்படும். 12 முதல் 14 அங்குல வாயுள்ள மண்தொட்டியோ வளர்ப்புப் பையோ ஒரு கொடிக்குப் போதும். செம்மண் ஒரு பங்கு, நன்கு மட்கிய தொழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணலும் தேங்காய் நார்க்கழிவும் சேர்ந்து ஒரு பங்கு எனக் கலந்து, ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கைச் சேர்க்கலாம். கலவையை நனைத்துக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும். களிமண் மட்டும் போட்ட தொட்டியில் வெற்றிலை முதல் அடைமழையைத் தாண்டாது.

தண்ணீர் எவ்வளவு, எப்போது ஊற்றுவது?

வீட்டு வெற்றிலை சாவதற்கு முதற்காரணம் தண்ணீர்க் குறைவு என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது அதற்கு நேர்மாறானது. கொடிக்காலில் எப்போதும் ஈரம் இருப்பதைப் பார்த்தவர்கள் அதன் மேட்டுப்பாத்தியையும் வடிகாலையும் கவனிப்பதில்லை. அங்கே தண்ணீர் வாய்க்காலில் நிற்கும். வேர் மேட்டில் இருக்கும். தொட்டியில் அந்தப் பிரிவினை கிடையாது. அடித்துளை அடைபட்டாலோ, கீழே வைத்த தட்டில் தண்ணீர் நின்றாலோ, வேர் மூச்சு முட்டி அழுகிவிடும்.

ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் விரலில் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். மண் குளிர்ச்சியாக இருந்தும் ஒட்டாவிட்டால் ஊற்றலாம். பொடியாக உதிர்ந்தால் தாமதமாகிவிட்டது என்று பொருள். கோடையில் நாள்தோறும் காலையில் தேவைப்படும்; ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் ஊற்றவே வேண்டியிராது. ஊற்றும்போது அடித்துளை வழியே தண்ணீர் வெளிவரும் வரை நிறைவாக ஊற்றி, பிறகு வடியவிட வேண்டும். வேளைக்கு ஒரு குவளை என்று சிறிது சிறிதாக ஊற்றுவதால் மேல்மண் எப்போதும் சொதசொதப்பாகவும் அடிமண் வறண்டும் கிடக்கும்.

மண்ணின் ஈரமும் காற்றின் ஈரமும் வேறு வேறு. அக்கினி நட்சத்திர நாட்களில் வெற்றிலைக்குக் குறைவது பெரும்பாலும் காற்றின் ஈரம்தான். அப்போது காலையில் இலைகளின் மேல் நீரைத் தெளிக்கலாம், தொட்டியைச் சுற்றி மற்றச் செடிகளை நெருக்கி வைக்கலாம், தரையை நனைத்துவிடலாம். மாலையில் தெளித்து இரவெல்லாம் இலையை ஈரமாக விடுவது புள்ளி நோய்களுக்கு வழி திறக்கும்.

எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. என்ன செய்வது?

வெற்றிலை உப்பைப் பொறுக்காது. இலை ஓரம் பழுப்பாகக் காய்வதும், நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி வெளுப்பதும், தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளை பூப்பதும் அதன் அறிகுறிகள். மழைநீரைப் பிடித்து வைப்பது முதல் வழி. அரிசி கழுவிய நீரை அவ்வப்போது ஊற்றலாம். ஆனால் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் கூடாது. அதுவும் முடியாதவர்கள் கிடைக்கும் நல்ல தண்ணீரை மாதம் ஒருமுறை, தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு ஊற்றி, தேங்கிய உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும்.

கொடி ஏறுவதற்கு எதை நடுவது? சுவரில் விடலாமா?

தேங்காய் நார்க்கயிற்றை நெருக்கமாகச் சுற்றிய மூங்கில் கம்போ, பட்டை சொரசொரப்பாக உள்ள கிளையோ போதும். வழவழப்பான பிளாஸ்டிக் குழாயில் பற்றுவேர் பிடிக்காது. கொடிக்காலில் செய்வதைப் போலவே ஒரு சாணுக்கு ஒரு கட்டு வீதம் வாழைநாரால் தளர்வாகக் கட்டிவிட வேண்டும். வாழைநார் சில மாதங்களில் தானே மட்கி அறுந்துவிடுவதால், தண்டு பருக்கும்போது அதை நெரிக்காது. கட்டுக்கம்பியும் நைலான் நூலும் நெரித்துவிடும். தரையில் இடம் உள்ளவர்கள் அகத்தியையோ முருங்கையையோ நட்டு அதன்மேல் ஏற்றலாம். அகத்தி என்றால் கீரையும் கிடைக்கும்.

வெயில் படாத சுவரில் ஏற்றலாம். பற்றுவேரின் தடம் வண்ணப்பூச்சில் நிற்கும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். வெயில் படும் சுவரில் வேண்டவே வேண்டாம்.

மேலே இலை செழித்திருக்க, அடிப்பகுதி மொட்டையாகிவிட்டது. இது நோயா?

நோயன்று. கொடி உயர உயரக் கீழ் இலைகள் முற்றி உதிர்வது இயல்பு. நுனி வேரிலிருந்து விலகிப் போகப் போக இலையும் சிறுக்கும். இதற்குக் கொடிக்கால் உழவர்கள் கண்ட வழி கொடி இறக்குதல். ஆண்டுக்கு ஒருமுறை, அகத்தியில் உயரே போன கொடியைக் கட்டவிழ்த்துக் கீழே இறக்கி, மொட்டையான பகுதியை வளைத்து மண்ணில் புதைத்து, நுனியை மட்டும் மீண்டும் மரத்தில் கட்டிவிடுவார்கள். புதைந்த கணுக்களிலிருந்து புதுவேர் இறங்க, கொடி மறுபடி இளமையாகும். வீட்டில் வெற்றிலை வளர்ப்பவர்கள் அதிகம் அறியாமல் விடுவதும், அறிந்தால் அதிகப் பயன் தருவதும் இந்த ஒரு வேலைதான்.

தொட்டியில் இதைச் செய்ய, முந்தைய நாள் தண்ணீரை நிறுத்தி வையுங்கள். சற்றே துவண்ட தண்டு வளையும். நீரேறி விறைத்த தண்டு கணுவில் பட்டென்று ஒடியும். பற்றுவேர்களைக் கம்பிலிருந்து மெல்லப் பெயர்த்து, கொடியை இரு கைகளிலும் தாங்கி இறக்கி, மொட்டைத் தண்டைத் தொட்டியின் உள்விளிம்பை ஒட்டி வட்டமாகச் சுற்றி வைக்க வேண்டும். மேல்மண்ணை இரண்டு அங்குலம் முன்பே எடுத்துவைத்திருந்தால், இப்போது அதோடு புதுத் தொழு உரத்தைக் கலந்து சுற்றின்மேல் மூடலாம். நுனியில் ஒன்றரை அடி மட்டும் வெளியே நிற்கட்டும். அதைக் கம்பில் கட்டிவிடுங்கள். இரண்டு வாரம் இலை சோர்ந்து தெரியும். அதைக் கண்டு தண்ணீரை அள்ளி ஊற்றிவிட வேண்டாம். உச்சக் கோடையிலும் அடைமழையிலும் இதைச் செய்யாமல், தை மாதத்தையோ ஆவணியையோ தேர்ந்தெடுப்பது நல்லது.

உரம் என்ன இடலாம்?

இலையைத் தின்னப்போகிறோம் என்பதால் தழைச்சத்து தேவை. ஆனால் அளவாகத் தேவை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் இரண்டு பிடி மண்புழு உரமும் போட்டுக் கிளறிவிட்டால் போதும். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துப் புளித்த பின் பத்து மடங்கு நீரில் கரைத்து ஊற்றுவது நல்ல பலன் தரும். அடுக்ககத்தில் அந்த வாடைக்கு அண்டை வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை பெரிதாகும். கூடவே மென்மையாகி, அழுகலுக்கும் பூச்சிக்கும் எளிதில் இரையாகும்.

இலை திடீரென்று வாடித் தொங்குகிறது. காப்பாற்ற முடியுமா?

முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் அது தாகம். தண்ணீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிரும். மண் ஈரமாக இருந்தும் இலை பளபளப்பை இழந்து மஞ்சளித்துத் தொங்கினால், அது பெரும்பாலும் வேரையும் அடித்தண்டையும் அழிக்கும் வாடல் நோய். மண்ணில் வாழும் பைட்டோப்தோரா போன்ற, பூஞ்சையை ஒத்த நுண்ணுயிர்கள் இதை உண்டாக்குகின்றன. மழைக்காலத்தில் கொடிக்கால் முழுவதையும் வாரிக்கொண்டு போவதும் இதே நோய்தான். மண்மட்டத்தில் தண்டை நகத்தால் சுரண்டினால் தோல் கறுத்து, வழுக்கி, நாற்றமடிக்கும்.

அந்த நிலையில் வேரை மீட்க முடியாது, கொடியை மீட்கலாம். அடியிலிருந்து மேலே போய்க்கொண்டே தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெட்டுவாயில் பழுப்பு வளையம் தெரியும் வரை அந்தப் பகுதி போய்விட்டது என்று கொள்ளுங்கள். வெட்டுவாய் முழுக்க வெளிர்பச்சையாக, ஈரமாகத் தெரியும் இடத்துக்கு இன்னும் ஒரு கணு மேலே வெட்டி, அந்த நுனியைப் புது மண்ணில் பதியன் போடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தியைக் கொதிநீரில் நனைக்க வேண்டும். பழைய மண்ணை வேறு தொட்டிக்கு மாற்றக் கூடாது. தொட்டியைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே மீண்டும் பயன்படுத்த வேண்டும். நடும்போதே டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்த தொழு உரத்தைச் சேர்ப்பது முன்னெச்சரிக்கை. நோய் வந்த பின் அதைத் தூவுவதால் பெரிய பயன் இல்லை.

வேரைப் பிடுங்கிப் பார்க்கையில் அழுகலுக்குப் பதிலாகச் சிறு முடிச்சுகள் தெரிந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. அதற்கும் இதே வைத்தியம்தான்.

பூச்சிகளுக்கு மருந்து அடிக்கலாமா?

பச்சையாக மெல்லும் இலைக்குக் கடை மருந்து எதையும் அடிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வெள்ளைப் பஞ்சுபோல் கணுவில் ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியையும் தண்டில் அப்பியிருக்கும் செதில் பூச்சியையும் ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம். அவற்றின் தேன்கழிவுக்காக எறும்புகள் காவல் நிற்கும். எறும்பு ஏறும் வழியையும் அடைக்க வேண்டும். கோடையில் இலையின் மேற்பக்கம் ஊசி குத்தியதுபோல் வெளிர்ப்புள்ளிகள் தெரிந்தால் செஞ்சிலந்தி வந்திருக்கிறது. இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சினால் பெருமளவு குறையும். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளித்து, ஒரு வாரம் கழித்துப் பறித்து, நன்றாகக் கழுவிப் பயன்படுத்தலாம். அதன் பிறகும் கொஞ்சம் கசக்கத்தான் செய்யும்.

மாதவிலக்கு நாட்களில் தொட்டால் கொடி பட்டுப்போகும் என்கிறார்களே?

பட்டுப்போகாது. வெற்றிலையின் வேர் மண்ணின் காற்றையும் ஈரத்தையும் நோய்க்கிருமியையும் அறியும். தொடுகிறவர் யார் என்பதை அறியாது. கொடி வாடும்போது உண்மையான காரணத்தைத் தேடாமல் வீட்டுப் பெண்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு, அழுகிய வேருக்கு இன்னும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதுதான் இந்த நம்பிக்கையால் நடந்துவருகிறது. கொடி பட்டுப்போனால் வீட்டுக்கு ஆகாது என்ற அச்சத்துக்கும் இதே பதில் பொருந்தும்.

எப்போதிருந்து இலை பறிக்கலாம்?

நட்ட நான்கு முதல் ஆறு மாதத்தில், கொடி நெஞ்சு உயரம் வந்த பிறகு தொடங்கலாம். நுனியிலிருந்து முதல் நான்கைந்து இலைகளை விட்டுவிட்டு, கீழே முற்றிய இலையைக் காம்போடு கிள்ள வேண்டும். கொடிக்காலில் பறிப்பவர்கள் கட்டைவிரலில் இரும்பு நகம் மாட்டிக்கொண்டு காம்பைச் சீவுவார்கள்; வீட்டில் விரல் நகமோ சிறு கத்தரியோ போதும். கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்தால் தண்டின் தோலும் கூடவே உரியும், கணுவிலுள்ள மொட்டும் போய்விடும். பறிக்காமலே அழகு பார்ப்பதும் நல்லதன்று; பறிக்கப் பறிக்கத்தான் பக்கக்கிளைகள் உயிர்பெறும். பறித்ததை ஈரத்துணியில் சுற்றி, வாழை இலையில் மடித்து வைத்தால் சில நாட்கள் வாடாது.

பத்து நாள் ஊருக்குப் போக வேண்டியிருந்தால்?

புறப்படும் முன் நிறைவாக ஊற்றி வடியவிட்டு, மண்ணின் மேல் தென்னை நார் அல்லது காய்ந்த இலைகளால் மூடாக்குப் போட்டு, தொட்டியை இருப்பதிலேயே அதிக நிழலான இடத்துக்கு மாற்றிவிடுங்கள். பருத்தித் துணியைத் திரியாக முறுக்கி, ஒரு முனையை வாளித் தண்ணீரிலும் மறுமுனையைத் தொட்டி மண்ணுக்குள்ளும் விட்டால் ஈரம் தானே ஊறிக்கொண்டிருக்கும். வாளியின் தண்ணீர் மட்டம் தொட்டி மண்ணைவிடத் தாழ்வாகவே இருக்கட்டும், இல்லையேல் தேவைக்கு மேல் ஊறி வேரைக் கெடுக்கும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் உட்கார வைத்துவிட்டுப் போவதைவிடச் சற்றே காயவிட்டுப் போவது மேல். பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் செல்வதாக இருந்தால், விரல்விட்டுப் பார்த்து ஊற்றும்படி செய்துகாட்டிவிட்டே செல்லுங்கள்.